முதல் காசு இழுவைக்கு

ஆவூர் பெரியநாயகி மாதா கோயில் பாஸ்கா திருவிழாவை ஒட்டி நடக்கும் ஜல்லிக்கட்டில் இறங்க வேண்டும் என்பது அந்தத் தம்பியின் ஆசை. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினான். பெஞ்சு, ராடு, தட்டுகள், டம்பெல் எல்லாம் சேர்ந்த ஒரு செட். "வீட்டுலயே ஜிம் வச்சிரலாம்ணே. வாங்கிரவா?"

"டீ ஆறுறதுக்குள்ள குடி. காசு எங்க போகுதுனு பாத்துட்டு வாங்கலாம்" என்றேன்.

உடம்பு செய்கிற பாரவேலை நாலைந்துதான். தள்ளுவது, இழுப்பது, உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, சுமந்து நடப்பது. தள்ளுவதற்குத் தண்டால் இருக்கிறது, உட்கார்ந்து எழ பஸ்கி இருக்கிறது. இரண்டுக்கும் தரை போதும். தூக்கவும் சுமக்கவும் மூடி இறுகிய பத்து லிட்டர் கேன் போதும். தண்ணீர் நிரப்பினால் பத்து கிலோ, அதே கேனில் காய்ந்த மணலை நிரப்பினால் ஏறக்குறைய பதினாறு. பாதி, முக்கால், முழுசு என்று வாராவாரம் கூட்டிக்கொண்டே போகலாம். 1940-களில் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட சிப்பாய்களின் கால்களைத் தேற்றியதும் இப்படி எடையைப் படிப்படியாக ஏற்றித்தான். ஏறிக்கொண்டே போகும் பாரம்தான் தசையை வளர்க்கிறது. அது இரும்பா, மணலா என்று தசைக்குத் தெரியாது.

மிச்சம் இருப்பது இழுவை. தரையைத் தள்ளலாம், இழுக்க முடியாது. தொங்கவோ பற்றி இழுக்கவோ ஏதாவது ஒன்று வேண்டும். வீட்டிலேயே பயிற்சி செய்பவர்களுக்கு நெஞ்சு முன்னால் வளர்ந்து முதுகு பின்தங்குவது இதனால்தான். மாடு பிடிக்கிறவனுக்கோ இழுவைதான் உயிர். திமிலை மட்டும் பிடித்து 15 மீட்டரோ மூன்று துள்ளலோ தாங்க வேண்டும் என்கின்றன 2017-இல் வந்த விதிகள். அதற்கு வேண்டியது விரல், முன்கை, முதுகு. அவன் காட்டிய செட்டிலோ பெரும்பகுதி நெஞ்சுக்கு.

ஆகவே முதல் காசு ஒரு கம்பிக்கு. வெல்டிங் பட்டறையில் ஒன்றேகால் இஞ்ச் ஜி.ஐ. பைப்பை மூன்றடிக்கு அறுத்து, இரண்டு முனையிலும் தட்டு வைத்துப் பற்றவைக்கச் சொல்ல வேண்டும். காங்கிரீட் உத்தரத்தில் ஆங்கர் போல்ட் போட்டு மாட்டலாம். வாசல் நிலையில் திருகி இறுக்குகிற ரெடிமேடு கம்பியை நானும் ஒரு காலத்தில் வாங்கினேன். ஆறாம் நாள் நழுவியது, முழங்கை வீங்கிப் பத்து நாள் படுத்தேன். பூச்சு உதிர்கிற சுவரும் உளுத்த மரச்சட்டமும் வேண்டவே வேண்டாம். முதலில் தொங்கினாலே போதும், பிறகு ஏறிப் பழகலாம். கம்பியில் ஒரு தடித்த துண்டைப் போட்டு, இரு முனையையும் பற்றித் தொங்கிப் பார்க்கச் சொன்னேன். அரை நிமிடம் தாக்குப்பிடிப்பதே கஷ்டம். பிடி வளர்வது அங்கேதான்.

இன்னும் காசு இருந்தால் டம்பெல். பிளாஸ்டிக் ஓடு போட்ட தட்டு மலிவாக வரும். உள்ளே இருப்பது பெரும்பாலும் சிமெண்டோ மணலோதான், கீழே போட்டால் விரிசல் விடும். பழைய வார்ப்பிரும்புத் தட்டு கிடைத்தால் அதுவே மேல். துருவைத் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் பேரன் காலத்துக்கும் வரும். வாங்குமுன் மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துவிட வேண்டும். நடுத் துளையையும் பார்க்க வேண்டும். வீட்டு ராடுகளின் தட்டுக்கு முப்பது மில்லிமீட்டர் அளவில் துளை இருக்கும், போட்டி ராடின் தட்டுக்கு ஐம்பது. ஒன்று மற்றொன்றில் சேராது.

தோளுக்குக் கர்லாகட்டை. தச்சரிடம் சொன்னால் கடைந்து தருவார். நம் ஊர்க் கட்டையைப் பார்த்து வெள்ளைக்காரன் பழகி, 1904-லும் 1932-லும் ஒலிம்பிக்கில் போட்டியாகவே வைத்தார்கள். இங்கே அது பரணில் கிடக்கிறதே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

"டிரெட்மில்?" என்றான். வயல் வரப்பும் மண் ரோடும் இருக்கிற ஊரில் அதற்குச் செலவழிக்க மாட்டேன்.

கடைசியாகத் தயங்கிக்கொண்டே கேட்டான். "அம்மாவுக்கு முட்டி வலிண்ணே. அவங்களும் எதாச்சும் செய்யலாமா?"

இந்தக் கேள்விக்காகவே இன்னொரு டீ சொன்னேன். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதில், பெரியவர்கள் எல்லோருமே வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதும் உண்டு. முட்டியை முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் சரி என்றால் உயரமான நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து எழலாம். கையால் இழுக்க ஒரு ரப்பர் பேண்டு போதும். அதை வெயிலில் போடக் கூடாது, ரப்பர் வெடித்துவிடும். மாட்டுவதற்கு முன் விரலால் தடவி, கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"அந்த பேண்டையும் கம்பியிலயே மாட்டிக்கலாமாண்ணே?"

"மாட்டலாம். அம்மா உக்காந்து இழுக்கிற அளவுக்கு நீளமா வாங்கு."

போனைப் பையில் போட்டுவிட்டு, உத்தரத்தை அளக்கக் கடைக்காரரிடம் டேப் இருக்கிறதா என்று கேட்கப் போனான்.