பரிசோதனைப் பிழையும் ஊரின் நோய்க் கணக்கும்

நெல் அளக்கும் மரக்கால் பிழையுடையதாயின், அளப்பவர் எவ்வளவு நேர்மையானவராயினும் கணக்குச் சரியாக வராது. களத்தில் கிடக்கும் நெல்லின் அளவு மாறுவதில்லை. ஏட்டில் ஏறும் எண் மட்டும் மாறிவிடுகிறது. அந்த எண்ணை நம்பி விலை பேசியவரும் கடன் வாங்கியவரும் பின்னர் இடர்ப்படுகின்றனர். தொற்று நோயின் கணக்கும் இத்தகையதே. கோவிட் காலத்தில் எந்தத் தெருவை அடைப்பது, எந்தப் பள்ளியைத் திறப்பது என்பன போன்ற முடிவுகள் யாவும் பரிசோதனை எண்ணிக்கையைக் கொண்டே செய்யப்பட்டன. அந்தப் பரிசோதனையே பிழைபட்டால் விளைவது யாது? இதனைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

பரிசோதனை நடைபெறும் விதம்

மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் பஞ்சுக் குச்சியால் எடுக்கப்படும் மாதிரியில் கிருமி மிகச் சிறிய அளவிலேயே இருக்கும். பி.சி.ஆர். என்னும் பரிசோதனையில் கிருமியின் மரபுப் பொருள் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கப்படுகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 10 சுற்றுக்களில் 1,024 ஆகிறது. அவ்வாறு பெருகும்போது உண்டாகும் ஒளியைக் கருவி அளக்கிறது. ஒளி ஒரு குறிப்பிட்ட எல்லையைக் கடந்தால் ‘தொற்று உண்டு’ என்று கொள்வர். கிருமி மிகுதியாக இருந்தால் சில சுற்றுக்களிலேயே எல்லை எட்டப்படும். குறைவாக இருந்தால் அதிகச் சுற்றுக்கள் தேவைப்படும்.

ஆகவே, எல்லையை எங்கே வகுப்பது என்பது முக்கியமானது. அதனைச் சரியாக வகுக்காவிடில், நோயுற்றவரின் மாதிரியும் ‘தொற்று இல்லை’ என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். இதனைத் தவிர்க்கும் பொருட்டே, கிருமி உண்டென உறுதியாகத் தெரிந்த மாதிரி ஒன்றையும், இல்லையெனத் தெரிந்த மாதிரி ஒன்றையும் உடன் வைத்துச் சோதித்துப் பார்க்கும் முறை ஏற்பட்டுள்ளது.

இங்கிலாந்தில் நேர்ந்தது

2021-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் ஒரு விந்தை காணப்பட்டது. வீட்டிலேயே செய்துகொள்ளும் விரைவுப் பரிசோதனையில் பலருக்குத் தொற்று உண்டெனத் தெரிந்தது. அதனை உறுதி செய்துகொள்ள அவர்கள் பி.சி.ஆர். பரிசோதனைக்குச் சென்றனர். அங்கே ‘தொற்று இல்லை’ என்று முடிவு வந்தது. இருமலும் காய்ச்சலும் உடையவர்களுக்கும் இவ்வாறே வந்தது. அக்காலத்து விதிப்படி, பி.சி.ஆர். முடிவில் தொற்று இல்லையெனில் தனித்திருக்க வேண்டுவதில்லை. எனவே அவர்கள் பணிக்குச் சென்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர்.

இம்மாதிரிகள் வுல்வர்ஹாம்ப்டன் நகரிலிருந்த ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டவை. முடிவுகள் முரண்படுவதைப் பொதுமக்களும் மருத்துவர்களும் எடுத்துக் கூறினர். அக்டோபர் 12-ஆம் நாள் அந்த ஆய்வுக்கூடத்தில் இப்பணி நிறுத்தப்பட்டது. சுமார் 43,000 பேருக்குத் தவறான முடிவு சென்றிருக்கலாம் என்று அக்டோபர் 15-ஆம் நாள் அரசு தெரிவித்தது.

பின்னர் அந்நாட்டின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை விரிவாக ஆராய்ந்து, 2022 நவம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டது. செப்டம்பர் 2 முதல் அக்டோபர் 12 வரை சுமார் 39,000 முடிவுகள் தவறாக ‘தொற்று இல்லை’ என அறிவிக்கப்பட்டதாக அது மதிப்பிட்டது. தொற்று உண்டு, இல்லை என்று பிரிக்கும் எல்லை தவறாக வகுக்கப்பட்டதே காரணம் என்றும் கண்டது. இதன் விளைவாகச் சுமார் 55,000 பேருக்குக் கூடுதலாகத் தொற்று பரவியிருக்கலாம். சுமார் 680 பேர் கூடுதலாக மருத்துவமனையில் சேர்ந்திருக்கலாம். 20-க்குச் சற்று மேற்பட்டோர் உயிரிழந்திருக்கலாம் என்பது அதன் கணிப்பு. ஒரு கருவியில் வகுத்த எல்லை எத்தனை குடும்பங்களைத் தொட்டது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கணக்கு திரியும் வகை

இதனை ஓர் எளிய உதாரணத்தால் விளக்குவோம். ஒரு வட்டாரத்தில் 1,000 பேரைச் சோதிக்கின்றனர் என்று கொள்வோம். அவர்களுள் உண்மையில் நோயுற்றோர் 100 பேர். ஆய்வுக்கூடம் 40 பேரைத் தவறவிட்டால், ஏட்டில் ஏறுவது 60. நூற்றுக்குப் பத்தாக இருந்த நோய் நூற்றுக்கு ஆறாகத் தோன்றும். நோய் தணிகிறது என்று கருதி, அந்த வட்டாரத்தில் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவர். தவறவிட்ட 40 பேரோ தம்மையறியாமலே பிறருக்கு நோயைக் கொடுப்பர். ஏட்டில் எண் குறையக் குறைய ஊரில் நோய் பெருகும். பின்னர்ப் பிழை திருத்தப்பட்டதும் எண் திடீரென உயரும். அவ்வுயர்வு அன்றைய நோயையும் முன்பு மறைந்திருந்த நோயையும் ஒருங்கே காட்டுவது. ஆகவே அதுவும் அந்த வாரத்தின் உண்மை நிலை ஆகாது.

மறுதிசையிலும் பிழை நேரலாம். நோய் குறைந்த காலத்தில் 1,000 பேரில் 5 பேருக்கே தொற்று உண்டென்று கொள்வோம். நோயற்றவர்களுள் நூற்றுக்கு ஒருவரைக் கருவி நோயாளியெனக் காட்டினால், ஏறக்குறைய 10 பேர் தவறாகச் சேர்வர். 5 என்பது 15 ஆகிவிடும். நோயற்ற பத்துப் பேர் கூலியை இழந்து வீட்டில் அடைபடுவர்.

நம் நாட்டு அனுபவம்

2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து தருவிக்கப்பட்ட விரைவு எதிர்ப்பொருள் பரிசோதனைப் பெட்டிகள் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களுக்கு வழங்கப்பட்டன. இராஜஸ்தான் அரசு அவற்றைக் கண்மூடி ஏற்கவில்லை. தொற்று உண்டென முன்னரே தெரிந்த நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது. நூற்றுக்கு 5.4 அளவே முடிவு பொருந்தியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏப்ரல் 21-ஆம் நாள் அவற்றைப் பயன்படுத்துவதை நிறுத்தி வைக்கச் சொல்லி, பின்னர்த் திருப்பி அனுப்புமாறு பணித்தது. தெரிந்த ஒன்றைக் கொண்டு கருவியைச் சோதித்ததனால் பெரும் பிழை தொடக்கத்திலேயே வெளிப்பட்டது.

பஞ்சாயத்துக்கள் செய்யத்தக்கவை

இவற்றைக் கண்டு பரிசோதனையே வேண்டாமென்று எவரும் கருதலாகாது. பிழையான மரக்காலை மாற்ற வேண்டுமேயன்றி, அளப்பதை விட்டுவிட முடியுமா? கோவிட் நெருக்கடி நிலை முடிவுற்றதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவித்துவிட்டது. எனினும் டெங்கு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு முதலியன நம் கிராமங்களை விட்டு அகலவில்லை. அவற்றின் கணக்கிற்கும் இப்பாடம் பொருந்தும்.

முதலாவதாக, ‘இத்தனை பேருக்கு நோய்’ என்று கேட்கும்போதே ‘எத்தனை பேரைச் சோதித்ததில்?’ என்றும் கேட்டல் வேண்டும். இரண்டாவதாக, மாதிரிகள் எந்த நாளில் எடுக்கப்பட்டன, எந்த ஆய்வுக்கூடத்திற்குச் சென்றன என்பதைக் குறித்து வைத்தல் வேண்டும். ஒரே கூடத்திற்குச் சென்றவை மட்டும் மாறுபட்டால் பிழையின் இருப்பிடம் விளங்கிவிடும். மூன்றாவதாக, ஒரு தெருவில் வீடுதோறும் காய்ச்சல் இருக்க, முடிவுகள் யாவும் ‘இல்லை’ என வந்தால் வாளாவிருத்தல் கூடாது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் தெரிவித்து, வேறொரு கூடத்தில் மறுபரிசோதனை செய்விக்குமாறு கோர வேண்டும். அதுவரை காய்ச்சலுற்றவர் ஓய்வாகத் தனித்திருப்பதே நன்று.

இங்கிலாந்தில் பிழையை வெளிக்கொணர்ந்ததில், ‘எனக்குக் காய்ச்சல் இருக்கிறதே, முடிவு மட்டும் ஏன் இவ்வாறு வருகிறது?’ என்று வினவிய சாதாரண மக்களுக்கும் பங்கு உண்டு. அவ்வினா சில வாரங்கள் முன்னரே செவிமடுக்கப்பட்டிருப்பின் பல உயிர்கள் காக்கப்பட்டிருக்கலாம். நம் ஊரில் அத்தகைய வினா எழும்போது அதனைக் கேட்டு, உரிய இடத்திற்குக் கொண்டு செல்வது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமையாகும்.