கேமரா வேலை செய்யவில்லையா? புதிது வாங்குமுன் சோதியுங்கள்

கல்லாவுக்கு மேலே மாட்டிய கண்காணிப்புக் கேமரா திடீரென்று நின்றுவிடுகிறது. "கேமரா போய்விட்டது, புதிது போடுங்கள்" என்பார் பழுது பார்க்க வந்தவர். பல சமயம் கேமராவில் குறையே இருக்காது.

சில கேமராக்களுக்குத் தனி மின் இணைப்பு கிடையாது. 'ஸ்விட்ச்' பெட்டியிலிருந்து வரும் ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் செல்கின்றன. 2003-இல் வந்த விதிமுறைப்படி, ஸ்விட்ச் எடுத்த எடுப்பில் மின்சாரம் விடாது. முதலில் 10 வோல்ட்டுக்குள் சிறிதளவு செலுத்தி, மறுமுனையில் சுமார் 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் 48 வோல்ட் அளவில் தரும். புது ஆளுக்குக் கடன் கொடுக்குமுன் நாம் விசாரிப்பது போலத்தான்!

எனவே, வரிசையாகப் பாருங்கள்:

1. கேமராவைக் கழற்றி, ஸ்விட்ச் அருகிலேயே நல்ல சிறு கேபிளில் இணையுங்கள். வேலை செய்தால் குறை பழைய கேபிளில்தான். எலிக்கடி, துருப்பிடித்த முனை, 100 மீட்டரைத் தாண்டிய நீளம், செம்பு பூசிய அலுமினியக் கம்பி ஆகியவையே வழக்கமான காரணங்கள்.

2. வேலை செய்யாவிட்டால், வேறு கேமரா ஓடிக்கொண்டிருக்கும் துளையில் மாற்றிப் பாருங்கள்.

3. அண்மையில் கேமரா கூட்டினீர்களா? ஸ்விட்சின் மொத்த வாட் போதுமா என்று கணக்கிடுங்கள்.

4. 24 வோல்ட்டில் ஓடும் சில கருவிகளை ஸ்விட்ச் அடையாளம் காணாது. அவற்றுக்கு உரிய அடாப்டரே வேண்டும்.

முதல் சோதனையை உங்கள் கண்ணெதிரே செய்யாமல் புதுக் கேமராவுக்குப் பணம் கொடுக்காதீர்கள். காலையில் கடை திறந்ததும் படம் வருகிறதா என்று பாருங்கள்; திருட்டுப் போன பிறகு பார்த்துப் பயனில்லை.