ஸ்கேன் ரிப்போர்ட்டில் வலது எது?

மார்பு எக்ஸ்ரேயைப் பார்க்கும்போது நமக்கு இடப்பக்கம் தெரிவது நோயாளியின் வலப்பக்கம். அவர் நம்மை நோக்கி நிற்பதாகவே அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் வலது, இடது என்றாலும் அவருடையதுதான்.

உள்ளங்கைகள் முன்னோக்கி இருக்க, நிமிர்ந்து நிற்கும் உடலை வைத்தே மருத்துவர்கள் திசை சொல்கிறார்கள். ஆன்டீரியர் முன்பக்கம், போஸ்டீரியர் பின்பக்கம். உடலின் நடுக்கோட்டுப் பக்கம் மீடியல், அதைவிட்டு விலகியது லேட்டரல். ஆகவே கையில் சுண்டுவிரல் மீடியல், கட்டைவிரல்தான் லேட்டரல்! கையைத் திருப்பினாலும் பெயர் மாறாது.

வயிற்றைத் தொப்புளை மையமாக வைத்து நான்காகப் பிரிப்பார்கள். கல்லீரலும் பித்தப்பையும் வலது மேல்பகுதி. வீட்டில் யாருக்காவது வயிறு வலித்தால் எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது என்று கேட்டு மருத்துவரிடம் சொல்வோம். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது கீழ்ப்பகுதிக்கு நகரும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.