வீட்டுச் சுவருக்குள் எந்த கேபிள்?

புதிதாக வீடு கட்டுபவர்கள் மின்சார வயரிங்குக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட இன்டர்நெட், டெலிபோன் கேபிள்களுக்குக் கொடுப்பதில்லை. "அதுதான் வை-ஃபை இருக்கிறதே" என்பார்கள். வை-ஃபை சிக்னல் செங்கல் சுவரைத் தாண்டும்போது பலவீனமாகும். கம்பி வைத்த கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போகும்போது இன்னும் பலவீனமாகும். ரூட்டரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சுவருக்குள் போன கேபிள் அப்படி அல்ல, அதை இருபது ஆண்டுகளுக்கு அங்கேயே விட்டுவைப்போம்.

சென்ற ஆண்டு திருச்சியில் என் அக்கா வீடு கட்டினார். சுவர் பூச்சு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது எலெக்ட்ரீஷியன், "ஹாலுக்கு ஒரு டெலிபோன் வயர் போதும்" என்றார். அக்கா வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். அவருடைய அலுவலக அறை மாடியில், ரூட்டர் வரப்போவது கீழே. மென்பொருள் துறையில் இருப்பதால் கேபிள் தேர்வு என் தலையில் விழுந்தது. அப்போது நான் பார்த்துத் தேர்ந்தெடுத்தவற்றை இங்கே தருகிறேன்.

டெலிபோனுக்குத் தனி கேபிள் வேண்டுமா?

வேண்டாம். நெட்வொர்க் கேபிளில் எட்டு வயர்கள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். டெலிபோனுக்கு ஒரு ஜோடியே போதும். ஆர்ஜே 45 சாக்கெட்டின் நடுவில் உள்ள 4, 5 என்ற பின்களில் நீல ஜோடி வரும். டெலிபோன் பிளக்கின் நடு ஜோடியும் இதே பின்களைத்தான் தொடும். எனவே எல்லா இடத்துக்கும் நெட்வொர்க் கேபிளையே இழுத்துவிட்டால், இன்று டெலிபோனுக்குப் பயன்படும் பாயின்ட் நாளை கம்ப்யூட்டருக்கும் பயன்படும்.

ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில் டெலிபோன், ஃபைபர் வந்து முடியும் பெட்டியிலிருந்தே கிடைக்கிறது. அந்தப் பெட்டியின் டெலிபோன் போர்ட்டை வேண்டிய அறையின் கேபிளோடு இணைத்தால் போதும். ஒரு எச்சரிக்கை: டெலிபோன் மணி அடிக்கும்போது அந்த வயரில் சுமார் 75 வோல்ட் அல்லது அதற்கு மேலும் வரும். அந்த சாக்கெட்டில் தவறிப்போய் கம்ப்யூட்டரைச் செருகாமல் இருக்க, "டெலிபோன்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

எந்த வகை வாங்குவது?

கேட் 5இ: 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் வேகம். ஏற்கெனவே சுவரில் இருந்தால் பிடுங்க வேண்டாம்.

கேட் 6: 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட். 55 மீட்டருக்குள் 10 ஜிகாபிட் வரை தாங்கும். வீட்டுக்குள் ஒரு கேபிள் 30 மீட்டரைத் தாண்டுவதே அரிது. புது வீட்டுக்கு இதுவே சரியான தேர்வு.

கேட் 6ஏ: 100 மீட்டருக்கும் 10 ஜிகாபிட். தடிமனானது, பைப்பில் இழுப்பது சிரமம். வீட்டுக்குத் தேவையில்லை.

கேட் 7 என்று விற்பதற்குக் கூடுதல் பணம் தராதீர்கள். சாதாரண ஆர்ஜே 45 சாக்கெட்டில் முடித்தால் அதன் தனிப் பயன் கிடைக்காது.

செம்பா, அலுமினியமா?

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். "சிசிஏ" என்ற கேபிளில் உள்ளே அலுமினியமும் மேலே மெல்லிய செம்புப் பூச்சும் இருக்கும். இதில் மின்தடை அதிகம், வயர் எளிதில் முறியும். கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் கேமராக்களுக்கு இது சரிப்படாது.

கடையில் ஒரு வயரின் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். வேலை முடிந்த பின்பும் சோதிக்கலாம். ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு வயர்களையும் சேர்த்து முறுக்கி, மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். தர விதிப்படி 100 மீட்டர் வயரின் மின்தடை 9.38 ஓமைத் தாண்டக் கூடாது. 30 மீட்டர் கேபிளில் போய்வரும் தூரம் 60 மீட்டர் என்பதால், மீட்டர் 5.6 ஓமுக்குள் காட்ட வேண்டும். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவை இதிலிருந்து கழித்துவிடவும். சாக்கெட் மாட்டும் முன், பூச்சுக்கு முன், இதைச் செய்துவிடுவது நல்லது.

இழுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. ஒவ்வொரு பாயின்டுக்கும் தனி கேபிள் வேண்டும். எல்லாம் ஃபைபர் பெட்டி இருக்கும் ஒரே இடத்தில் வந்து முடிய வேண்டும். டெலிபோனில் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு வயரை ஒட்டிக்கொண்டே போகலாம். நெட்வொர்க்கில் அது நடக்காது. எலெக்ட்ரீஷியனிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

2. மின்சார வயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்கவே கூடாது. இணையாகப் போனால் ஓர் அடி இடைவெளி விடவும். குறுக்கே போவதானால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும்.

3. 25 மில்லிமீட்டர் பைப் போட்டு, திருப்பங்களில் வளைவான பெண்ட் வையுங்கள். பின்னாளில் பழைய கேபிளை உருவிப் புதியதை நுழைக்க இது உதவும். காலியாக விடும் பைப்பில் ஒரு கட்டுக்கம்பியைப் போட்டு வையுங்கள்.

4. சாக்கெட்டில் மாட்டும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். இரு முனையிலும் ஒரே நிற வரிசையை, 568பி என்றால் இரண்டிலும் 568பியையே, பின்பற்றுங்கள்.

5. வெயில் படும் இடத்துக்கு, வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்பு உறை கேபிளை வாங்குங்கள்.

அக்கா வீட்டில் மாடி அறைக்கு இரண்டு, டிவிக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, கேட் கேமராவுக்கு ஒன்று, மாடி வை-ஃபை பெட்டிக்குக் கூரையில் ஒன்று என ஆறு கேபிள்கள் இழுத்தோம். 305 மீட்டர் பெட்டி ஒன்றே போதுமானதாக இருந்தது.

வேகம் சரியா என்று பார்க்க

கம்ப்யூட்டரை இணைத்து, நெட்வொர்க் செட்டிங்கில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். ரூட்டரும் கம்ப்யூட்டரும் ஜிகாபிட் வகையாக இருந்தும் 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால், எட்டு வயர்களில் ஏதோ ஒன்று சரியாகத் தொடவில்லை என்று பொருள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடிகள் போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். பெரும்பாலும் சாக்கெட்டை மறுபடி மாட்டினாலே சரியாகிவிடும்.

பூச்சு வேலைக்கு முன் பைப்புகள் போகும் பாதையை அடி அளவுடன் மொபைலில் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிப்பவருக்கும் அது பயன்படும்.