உள்ளே இருக்கும் தகவலைத் தேடினால் நிரல் ஏன் நின்றுபோகிறது?

தாம்பரத்தில் ஒரு வீட்டைத் தேடுகிறீர்கள். முதலில் சேலையூர், பிறகு தெரு, அடுக்ககம், மாடி, கடைசியில் கதவு எண். ஜாவாஸ்கிரிப்ட்டும் தகவலுக்குள் இருக்கும் தகவலை இப்படி ஒவ்வொரு படியாக உள்ளே போய்த்தான் எடுக்கிறது.

கதவு எண் மட்டும் இல்லையா? ‘அன்டிஃபைன்ட்’, அதாவது மதிப்பு இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். அடுக்ககமே இல்லாதபோது அதன் மாடியைக் கேட்டால்? அங்கேதான் பிழை எழும், நிரல் நின்றுவிடும்.

முன்பெல்லாம் படிக்குப் படி ‘இருக்கிறதா?’ என்று && போட்டுக் கோத்தார்கள். கண்ணைக் கட்டும் வரிகள்! 2020-இல் மொழித் தரத்தில் ‘?.’ சேர்ந்தது, அருமையான வரவு. அதற்கு முந்தைய படி இல்லையென்றால் தேடல் அங்கேயே முடிந்து ‘அன்டிஃபைன்ட்’ கிடைக்கும். பட்டியலின் முதல் உறுப்புக்கு ‘?.[0]’.

அதற்காக எல்லாப் படியிலும் இதைப் போடாதீர்கள். கட்டாயம் இருக்கவேண்டிய தெருவே காணாமல் போனாலும் பிழைச்செய்தி வராது.