இரண்டு எழுத்துகள் விடுபட்டால்...

"அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு மார்பில் கட்டி வருவது வழக்கம்" என்று நாம் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதுண்டு. பெண் கேட்டு வருவோர் செவியில் அது விழாதபடியும் பார்த்துக்கொள்கிறோம். அப்பேச்சில் ஓரளவு உண்மை உண்டென்பதை 1990-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலார் மேரி கிளேர் கிங் அம்மையார் மெய்ப்பித்தார். 23 குடும்பங்களைச் சேர்ந்த 146 நோயாளிகளை ஆராய்ந்த அவருடைய குழு, இளவயதில் நோய் கண்ட குடும்பங்களில் அதற்குரிய மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டியது. பி.ஆர்.சி.ஏ.1 எனப்படும் அம்மரபணு 1994-இல் பிரித்தறியப்பட்டது. அடுத்த ஆண்டே பி.ஆர்.சி.ஏ.2 என்பதும் அகப்பட்டது.

இவை நோயை உண்டாக்குவதற்கென்று அமைந்தவை அல்ல. உயிரணுவின் மரபிழை சிதையும்போது செப்பனிடுவதே இவற்றின் தொழில். இவற்றுள் ஒன்று பழுதாகப் பிறக்கும் பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும் என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. ஆயினும் மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுள் மரபுவழி நோயுற்றோர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே. பழுது தந்தை வழியாகவும் வரும். மருமகளின் பிறந்தகத்தைக் குறைகூறும் மாமியார்கள் இதனைக் கவனிப்பார்களாக!

பழுதுகளோ ஆயிரக்கணக்கானவை. எது தீங்கானது, எது தீங்கற்றது என்று ஒரு மருத்துவர் எவ்வாறு அறிவார்? இதற்கெனவே 1995-இல் அமெரிக்காவில் ஒரு பொதுப் பதிவேடு தொடங்கப்பெற்றது. ஆனால் இம்மரபணுக்களுக்குக் காப்புரிமை பெற்றிருந்த மிரியட் நிறுவனம், 2004-க்குப் பின் தன் பரிசோதனை முடிவுகளை அதற்கு அளிப்பதை நிறுத்திக்கொண்டது. இயற்கையில் அமைந்த மரபணுவுக்கு எவரும் காப்புரிமை கோர இயலாதென அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 ஜூன் 13 அன்று தீர்ப்பளித்தது. நம் தாய்மார்களின் குருதியில் ஓடுவதை ஒரு கம்பெனி தன் சொத்தென்று சொன்ன காலமும் இருந்ததே! இன்று கிளின்வார், பி.ஆர்.சி.ஏ. எக்ஸ்சேஞ்ச் ஆகிய கணினிப் பதிவேடுகளை எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம்.

தேடுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மரபணுவின் எழுத்துகள் மூன்று மூன்றாகப் படிக்கப்படுபவை. ஓரிடத்தில் 'ஏ', 'ஜி' என்னும் இரண்டு எழுத்துகள் விடுபட்டால் அதன்பின் உள்ள வாசகம் முழுவதும் குழம்பிவிடும். யூதரிடையே மிகுதியாக அறியப்பட்ட இப்பழுது, தென்னிந்தியப் பெண்களிடமும் அடிக்கடி காணப்பட்டதாக 2009-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பழைய அறிக்கைகளில் இதற்கு 185 என்னும் எண்; புதிய முறையில் 68, 69. எண்ணத் தொடங்கும் இடம் மாறியதே காரணம். எண் வேறென்பதால் பழுதும் வேறென்று மயங்கலாகாது.

அதனினும் கடினமானது, "பொருள் உறுதியில்லை" என்ற முடிவு. ஐரோப்பிய வழியினரின் விவரங்களே பதிவேடுகளில் மிகுந்திருப்பதால் நம்மவர்க்கு இம்முடிவு கூடுதலாகக் கிட்டுகிறது. இதனை மட்டும் நம்பி மார்பகத்தை அகற்றிக்கொள்ளுமாறு எந்த மருத்துவ நெறியும் கூறவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லச் சான்றுகள் சேர்ந்து இத்தகைய முடிவுகள் மாற்றி எழுதப்படுகின்றன. மாறியவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே தெளிவாகியுள்ளன. முன்பு பரிசோதனை செய்துகொண்ட சகோதரிகள் அந்தத் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சென்று, அதே பழுதை இன்று மீண்டும் தேடிப் பார்க்குமாறு மருத்துவரைக் கேட்கலாம்.