மாடி அறையில் பிட்காயின் மைனிங்: மின்சார ரசீதை முதலில் பாருங்கள்

கடைக்கு மேலே அறை சும்மாதானே கிடக்கிறது, ஒரு மெஷின் வாங்கிப் போட்டால் மாதாமாதம் பணம் வரும் என்று நம் உறுப்பினர்கள் சிலருக்கு ஆசை காட்டப்படுகிறது. வரவு செலவு பார்த்துவிடுவோம்.

பிட்காயின் என்பது கணக்குப்பிள்ளை இல்லாத பொதுப் பேரேடு. உலகெங்கும் உள்ள மெஷின்கள் போட்டி போட்டு அதில் பக்கம் எழுதுகின்றன. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம்; முந்தியவருக்குப் புது நாணயம் கூலி. 2009-இல் 50 ஆக இருந்த கூலி நான்கு முறை பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125-க்கு இறங்கியது. ஆக, நாளொன்றுக்கு உலகம் முழுமைக்கும் சுமார் 450 பிட்காயின்தான் பங்கு.

ஆன்ட்மைனர் எஸ்19 புரோ என்ற மெஷினின் வேகம் 110 டெராஹாஷ். 2025-இல் உலக மெஷின்களின் மொத்த வேகம் நூறு கோடி டெராஹாஷைத் தொட்டது. அந்தப் போட்டியில், பிட்காயின் ஒரு கோடி ரூபாய்க்கு விலை போனாலும் இதற்குக் கிடைப்பது நாளுக்கு 495 ரூபாய். இது இழுப்பதோ 3,250 வாட். நாளுக்கு 78 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலே 624 ரூபாய்!

புது மாடல் வாங்கலாமே என்பீர்கள். 200 டெராஹாஷ் வேகமுள்ள எஸ்21, மேற்படி கணக்கில் 900 ரூபாய் தரும், மின்சாரம் 672. மீதி 228 லாபம்தானே? அங்கேதான் வரி வருகிறது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விற்ற வருமானத்துக்கு 30 சதவீத வரி. மின்கட்டணத்தையோ மெஷின் விலையையோ கழிக்க முடியாது. 900-க்கு வரி 270. லாபம் போய்க் கையைக் கடிக்கிறது. மெஷினுக்குப் போட்ட முதலை இன்னும் தொடவே இல்லை. இந்த நஷ்டத்தைக் கடை லாபத்தில் ஈடுகட்டவும் சட்டம் இடம் தரவில்லை.

இழுத்த மின்சாரம் அத்தனையும் சூடாக வெளியேறும். இஸ்திரிப் பெட்டிகள் மூன்று நான்கு இரவும் பகலும் எரிவது போல. நம் ஊர் சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாமல் முடியாது. விசிறிச் சத்தத்தில் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். செலவு குறையுமென்று வீட்டு மின் இணைப்பில் ஓட்டினால் வாரியத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மெஷினே வேண்டாம், பணத்தை மட்டும் கட்டுங்கள் என்பவர்களிடம் இன்னும் உஷார். மாதம் 10 சதவீதம் தருவதாகச் சொன்ன கெயின்பிட்காயின் திட்டம் சி.பி.ஐ. வழக்கு வரை போயிற்று.

ஏற்கெனவே மெஷின் வாங்கிவிட்டவர்கள், நாணயம் வரவான தேதியையும் அன்றைய ரூபாய் மதிப்பையும் தனிப் பேரேட்டில் எழுதி, மார்ச் முடிவதற்குள் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.